தலை சாய்ந்த செடியைத் தேர்ந்தெடுத்தவர்

செய்தி தொலைபேசியில் வந்தது. தெலுக் இந்தானிலிருந்து சுகந்தி பேசினாள். "மாமா, பெரியம்மா விடியவே போயிட்டா. கோப்பி ஊத்தி வச்சனான், குடிக்கேல்லை."

நான் தொலைபேசியை எடுத்தால் எதிர்முனையில் இருப்பவருக்குக் காது வீங்கும் என்பது ஈப்போ முழுக்கத் தெரிந்த விஷயம். எண் தவறிக் கூப்பிட்ட ஒரு மனிதரிடம் என் கல்யாணக் கதையைப் பந்தி முடியும்வரை சொல்லி, அவரை மொய் வைக்கும் நிலைக்குக் கொண்டுபோன பேர்வழி நான். அன்றைக்கு "சரிம்மா" என்றேன். வைத்துவிட்டேன். தட்டில் பாதித் தோசை இருந்தது. அதைச் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. எனக்கு இன்னும் விளங்காதது அதுதான்.

மதியத்துக்குள் தெலுக் இந்தானில் இருந்தேன். யாரோ குளிரான கேமரன் மலையிலிருந்து ரோஜா வளையம் ஒன்று வரவழைத்திருந்தார்கள். மாட்டு வண்டிச் சக்கரத்தை விடப் பெரியது. வாசலில் இறக்கி வைத்தபோது மகாராஜாவின் கிரீடம்போல் இருந்தது. பிரேதத்தை எடுக்குமுன்பே இதழ்கள் பழுப்பேறித் தொங்கிவிட்டன. கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் என்னைப் பார்த்தார்கள், நான் பார்த்தேன். எல்லாருக்கும் போனவரின் குரல்தான் காதில் கேட்டிருக்கும்: "ரோசா வேணுமெண்டால் கேமரனுக்குக் குடி போங்கோ! இங்கை கொண்டுவந்து ஏன் அதைக் கொல்லுறியள்?"

அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. பேராக் மாநிலத்துப் பூச்செடிகளின் சக்கரவர்த்தினியும், ஈப்போ வாசல்கள் பாதியின் அழகுக்குப் பொறுப்பாளியும், வாய்ச்சொல்லாலேயே களையை வேரோடு பிடுங்கக்கூடியவருமான திருமதி தங்கரத்தினம் அம்மாளுக்குத் தோட்டத்தில் கிராணியம்மா என்று பெயர். ஈப்போவுக்குத் தெற்கே, கம்பார் போகும் வழியில் இருந்த ரப்பர் தோட்டத்தில் அவர் கணவர் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கர். யாழ்ப்பாணத்துக்காரர்கள். கிராணி ஐயா யுத்தத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். வீட்டைக் காலி செய்யச் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் வெள்ளைக்காரத் துரைசாணி. பங்களாப் பூந்தோட்டத்தைக் கிராணியம்மாவிடம் ஒப்படைத்திருந்தாள்.

அந்தத் துரைசாணி கப்பலில் விதை வரவழைத்து விதைப்பாள். முளைக்கும். மாலையில் மழை பெய்யும். மறுநாள் வெயில் காயும். மூன்றாம் நாள் அடக்கம். கிராணியம்மா அவளிடம் இங்கிலீஷிலேயே சண்டை போட்டு, அந்தப் பாத்திகளில் இட்லிப்பூவும் செம்பருத்தியும் காகிதப்பூவும் வைத்தார். அதற்குப் பிறகு பங்களா பூத்த பூப்பு! கம்பாரில் இருந்தவர்கள் தீ பிடித்துவிட்டதென்று வாளியோடு ஓடி வந்தார்கள் என்று நான் சொல்வதுண்டு. வாளி எடுத்து வந்தது நான் சேர்த்தது.

செடி தேர்ந்தெடுப்பதில் அவருக்கு ஒரே விதி. காலையில் செடி பார்க்கப் போகமாட்டார். சாப்பாடு முடிந்து நாய்கூட நிழல் தேடிப் படுத்த பிறகு, கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு புறப்படுவார். "காலமையில எல்லாச் செடியும் வடிவுதான். மத்தியான வெய்யிலுக்கை போய்ப் பாரும். தலை நிமிந்து நிக்கிறது எதுவோ, அதை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாரும்." வெயிலோடு விட்டுவிடமாட்டார். "இந்த ஊரில வெய்யில் கொல்லுறதை விட ஈரம் கொல்லுறது கூட. மண்ணை மேடாக்கி வையும். வேருக்குக் காத்துப் போகவேணும்." நித்தியகல்யாணியை மேட்டில் வை. பத்துமணிப்பூவை மணலில் வை. காகிதப்பூவைப் பட்டினி போடு, தண்ணீர் கூடினால் இலைதான் வரும். அவரிடம் செடி கேட்டுப் போன யாருக்கும் இதெல்லாம் மனப்பாடம்.

ஜப்பான்காரர்கள் வந்தபோது துரையும் துரைசாணியும் ஒரே இரவில் போனார்கள். பங்களாவுக்கு ஒரு ஜப்பான் துரை வந்தார். குட்டையான மனிதர், சுத்தமான சட்டை, மலாய் பேசுவார். புல்வெளியை எல்லாம் கொத்தி மரவள்ளி போடச் சொன்னார். வயிறு கேட்கிற காலம், அதில் குற்றமில்லை. ஆனால் வாசலுக்கு முன்னால் இருந்த பெரிய பாத்திகளை மட்டும் விட்டுவைத்தார். அங்கே சாமந்தி வேண்டும் என்றார். அவர் ஊர்ப் பூ அது. கேமரன் மலையிலிருந்து லாரியில் நாற்றும் வந்தது. கிராணியம்மா அதைச் செவ்வந்தி என்பார். "உது குளிருக்குப் பிறந்தது. இங்கை நிக்காது" என்று எங்களிடம் சொன்னார். துரையிடம் அப்படிச் சொல்லவில்லை. "வளர்க்கலாம். ஆள் வேணும்" என்று மட்டும் மலாயில் சொன்னார்.

அது சயாமுக்கு, அதாவது தாய்லாந்துக்கு, ஆள் பிடித்த காலம். காட்டில் ரயில் பாதை போடுகிறார்கள் என்றார்கள். லாரி வரும், தொழிலாளர் லயத்தில் இருக்கிற ஆண்பிள்ளைகளை ஏற்றும், போகும். திரும்பி வந்த லாரியில் ஆள் இல்லை. பங்களாவில் வேலை செய்பவன் கையில் சிவப்பு முத்திரை குத்திய துணிப்பட்டி கட்டியிருப்பான். அவனை மட்டும் தொடமாட்டார்கள். அந்தப் பட்டியை எட்டுப் பேருக்குக் கொடுக்கத் துரை சம்மதித்தார். எந்த எட்டுப் பேர் என்பது கிராணியம்மா கையில்.

மத்தியான வெயிலில் எங்களைப் பங்களா முற்றத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். கிராணியம்மா குடையோடு வந்தார். அவருடைய விதி ஊருக்கே தெரியும், அதனால் எல்லாரும் நெஞ்சை நிமிர்த்தி நின்றோம். என் பக்கத்தில் முனியாண்டி. மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். ரப்பர் மரப் பால்வெட்டில் என் நிரைக்கு அடுத்த நிரை அவனுடையது. அவன் தும்மினால் நான்கு மரத்தில் பால் தானாக வடியும் என்று நான் சொல்லி வைத்திருந்தேன், பாதித் தோட்டம் நம்பியது. எனக்கு மலேரியா. நிற்கும்போதே முற்றம் ஊஞ்சலாடிற்று.

கிராணியம்மா என் முன் நின்றார். நான் வாயைத் திறந்தேன். "அம்மா, நா ஒரு மம்பட்டி போட்டா அந்தப் பக்கம் சீனாக்காரன் எட்டிப் பாப்பான்மா! கிந்தா ஆத்தையே ரெண்டு வாளியில..."

"கதை காணும், நிப்பாட்டும். வலப்பக்கம் போய் நில்லும்."

முனியாண்டி வயிறு குலுங்கச் சிரித்தான். "அம்மா, இவனையாம்மா? இவன் மம்பட்டியத் தூக்க மாட்டான்மா, மம்பட்டிதான் இவனத் தூக்கும்!"

"அதுக்காகத்தான்" என்றார் கிராணியம்மா.

எனக்கு அப்போது விளங்கவில்லை. வலப்பக்கம் போய் நின்ற பிறகு திரும்பிப் பார்த்தேன். இளைப்பு நோய்க்காரன் வந்தான். கால் சூம்பியவன் வந்தான். கண் மங்கிய கிழவர் வந்தார். எட்டுப் பேரும் சேர்ந்து ஒரு முழு ஆள் தேறமாட்டோம். வெயிலில் விழக்கூடியதாகப் பார்த்து அவர் பொறுக்கியிருந்தார்.

முனியாண்டியின் முன் வந்தபோது மட்டும் நேரமெடுத்தது. அவனே பேசினான். "என்னைய விடுங்கம்மா. நா எங்க போனாலும் நிப்பேன்லா."

"ஓம்" என்றார். "நீர் நிப்பீர்."

அந்த வாரமே லாரி வந்தது. மச்சான் ஏறும்போது என்னைப் பார்த்து, "டேய், பூவுக்குத் தண்ணி ஊத்து, கத சொல்லிக் கொன்னுறாத!" என்று கத்தினான். லாரியில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். இந்த இடத்தில் நான் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

இனிச் சாமந்திக் கதை. செடி நன்றாக இருந்தால் எட்டுப் பேர் எதற்கு என்று துரை கேட்பார். செத்தால் தோட்டமே எதற்கு என்பார். சாகாமலும் பிழைக்காமலும் இருக்கவேண்டும். கிராணியம்மா அதற்குக் கண்டுபிடித்த வழியை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரவேண்டும். ஜப்பான்காரர்கள் நாட்டுக் கடிகாரங்களை எல்லாம் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். எங்கள் நேரத்தை விட ஒன்றரை மணி முன்னால். "இந்த நாட்டில பூவைப் பின்னேரம்தான் பாக்கவேணும், நாலு மணிக்கு" என்று துரையிடம் மிகுந்த மரியாதையோடு சொல்லி வைத்தார். துரையும் மரியாதையோடு அவர் கடிகாரத்தில் நான்கு மணிக்கு வருவார். எங்கள் பழைய நேரத்துக்கு அது இரண்டரை மணி. சூரியனுக்கு டோக்கியோ தெரியாது. அந்நேரம் உச்சி வெயில் இறங்கத் தொடங்கியிருக்காது, மண் கொதிக்கும், சாமந்தி முழுக்கத் தலையைத் தொங்கப் போட்டிருக்கும். நாங்கள் எட்டுப் பேரும் பழைய ஈயச் சுரங்கத்துக் குட்டையிலிருந்து தண்ணீர் சுமந்து ஓடுவோம், ஓலைத் தட்டியை நிழலுக்கு நகர்த்துவோம், பனையோலை விசிறியால் செடிக்கு விசிறுவோம். விசிறியது என் யோசனை. துரை நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார். "இன்னும் கொஞ்சம் கவனம்" என்பார். போய்விடுவார். வெயில் தாழ்ந்ததும் செடி எழுந்துவிடும். மறுநாளும் நாங்கள் இருப்போம்.

எத்தனை மாதம் இப்படி ஓட்டினோமோ. இதில் எங்கள் மடத்தனம் ஒன்று. நோயாளிகள் எட்டுப் பேருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு செடியின் மேல் பாசம் வந்துவிட்டது. மேடு அணைத்தோம், சாம்பல் போட்டோம், அழுகின இலையை ஒவ்வொன்றாகக் கிள்ளினோம். நிற்காது என்று கிராணியம்மா சொன்ன செடி நின்றது. மொட்டு விட்டது. முதல் மொட்டு மஞ்சள் காட்டிய காலையில் இளைப்புக்காரன் அழுதேவிட்டான். நாங்கள் கை தட்டினோம். கிராணியம்மா தட்டவில்லை.

அதே காலையில், சொல்லாமல் கொள்ளாமல், துரை அவர் கடிகாரத்து நண்பகலில் வந்து நின்றார். எங்களுக்கு வெயில் ஏறத் தொடங்கும் வேளை. செடிகள் அணிவகுத்து நின்றன. எட்டுப் பேரும் நிழலில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு தின்றுகொண்டிருந்தோம். துரை மொட்டின் முன் குனிந்து வணங்கினார். கண் கலங்கியிருந்தது, பொய் சொல்லமாட்டேன். பிறகு எங்களைப் பார்த்தார். இனி மூன்று பேர் போதும் என்றார். ஐந்து பேருடைய கைப்பட்டியை அங்கேயே அவிழ்க்கச் சொன்னார். ஐவரில் நான் ஒருவன். அடுத்த லாரி வரும்வரை பங்களாவின் பக்கவாட்டுக் கொட்டகையில் இருக்கவேண்டும். நாளைக்கு ஒரு பெரிய அதிகாரியைப் பூப் பார்க்கக் கூட்டி வருவதாகக் கிராணியம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் விடிந்ததும் கிராணியம்மா கொட்டகைக்குப் பக்கத்துச் சமையல்கட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினார். பெரிய கேத்தலில் தண்ணீர் கொதித்தது. ஒரு கேத்தல், பிறகு இன்னொன்று. எங்களுக்குக் கோப்பி போடுகிறார் என்று நினைத்தேன். போகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு வாய்க் கோப்பி. "அம்மா, சீனி இருக்காம்மா?" என்று கொட்டகையிலிருந்தே கேட்டேன். அவர் கேத்தலைத் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்குப் போனார்.

பாத்தியில் நின்ற மூன்று பேரிடம் அவர் சொன்னது எங்களுக்கும் கேட்டது. "அங்காலை திரும்பி நில்லுங்கோ."

திரும்பினார்கள். கொட்டகையின் பலகை இடுக்கு வழியே நான் பார்த்தேன். பட்டுப்போன கொப்பை வெட்டுவதற்கே செடியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெட்டுகிறவர் அவர். குனிந்து, ஒவ்வொரு வேராக, சிந்தாமல் ஊற்றினார். நிதானமாகத்தான் ஊற்றினார். மொட்டுவிட்ட செடியைக் கடைசியில் வைத்துக்கொண்டார்.

துரையும் பெரிய அதிகாரியும் வந்தபோது பாத்தி முழுவதும் வெந்த கீரையாகப் படுத்திருந்தது. துரை கிராணியம்மாவை ஓங்கி அறைந்தார். அவருடைய மூக்குக்கண்ணாடி மண்ணில் விழுந்தது. கிராணியம்மா அதை எடுக்கக் குனியவில்லை. மலாயில், பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார்: "எட்டுப் பேர் இருக்கேக்கை மொட்டு வந்தது. மூண்டு பேர் ஒரு நாள் பாத்தினம். நீங்களே பாருங்கோ." அவர் சொன்ன மலாயை நான் இப்படித்தான் அவர் குரலில் நினைவு வைத்திருக்கிறேன்.

கொட்டகைக்குள் எனக்கு மலேரியாக் குளிர் நின்றே போய்விட்டது. வெகு நேரம் கழித்து ஒரு சிப்பாய் வந்தான். ஐந்து துணிப்பட்டிகளைத் தரையில் போட்டுவிட்டுப் போனான். கேமரன் மலையிலிருந்து புது நாற்று வந்தது. சண்டை முடியும்வரை நாங்கள் எட்டுப் பேரும் சாமந்திக்கு விசிறிக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு மொட்டு விட்ட எதையும் பொழுது சாய்வதற்குள் நாங்களே கிள்ளிவிட்டோம்.

ஜப்பான்காரர்கள் போன பிறகு சயாமிலிருந்து சிலர் திரும்பினார்கள். எங்கள் தோட்டத்துக்கு ஒருவன் வந்தான். கிராணியம்மா வாசல் கேட்டருகே அவனை நிறுத்தி முனியாண்டியைப் பற்றிக் கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"நிண்டவரோ?"

"நின்னாரும்மா. காய்ச்சல்காரனுக்கும் சேத்து அவர்தான் மண்ணு சுமந்தாரு. ஒரு நா உக்காந்தாரு. அப்பறம் எந்திரிக்கல."

கிராணியம்மா தலையை ஆட்டினார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிறகு அவர் ஈப்போவுக்குக் குடி வந்ததும், உங்களில் பலர் அவர் வீட்டு வாசலில் காத்து நின்றதும் நீங்கள் அறிந்த கதை. யார் கேட்டாலும் பழைய விதியைத்தான் சொன்னார். மத்தியானம் போ, நிற்பதை எடு. உங்கள் வாசல்களில் நின்று பூப்பதெல்லாம் அந்த விதி. ஆனால் அவரோடு நாற்றுக்கடைக்குப் போனவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டு. ஒருமுறை ஆயர் தாவார் பக்கம் ஒரு சீனர் கடைக்கு நான் அவரைக் கூட்டிப் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்கு ஒரு செம்பருத்தியைக் காட்டினார். கம்பீரமாக நின்றது. தனக்கு ஒரு மூலையில் கிடந்த சாமந்தித் தொட்டியைத் தூக்கிக்கொண்டார். தலை தரையைத் தொட்டுக் கிடந்தது.

கடைக்காரர் பதறிவிட்டார். "தங்காச்சி, தங்காச்சி! இந்தப் பூ செத்துப் போச்சு லா! வேற எடு!"

"இது காணும்" என்றார்.

"அக்கா, உங்களுக்குக் கண்ணு மங்கிப்போச்சா?" என்று கேட்டேன். அதற்குள் கிராணியம்மா எனக்கு அக்காவாகியிருந்தார். "நிமிந்து நிக்கறத எடுக்கச் சொல்லி ஊருக்கெல்லாம் உபதேசம். நீங்க மட்டும் எப்பப் பாத்தாலும் விழுந்ததத் தூக்கிட்டு வாரீங்களே?"

காரில் ஏறித் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். "நிக்கிறது எங்கையும் நிக்கும் எண்டு அப்ப நினைச்சன்."

அவ்வளவுதான். ஈப்போ வரும்வரை நான் என் மாமியார் வீட்டு ஆட்டுக்கிடாய் யானையை முட்டிய கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் சிரித்தார். அவருக்கு அந்தக் கதை ஏற்கெனவே தெரியும்.

கடைசிக் காலத்தில் தங்கை மகள் சுகந்தியோடு தெலுக் இந்தானில் இருந்தார். அங்கேயும் பின்வாசல் முழுக்கத் தொங்கின தலைகள். வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாக நிழலுக்கு நகர்த்துவார், பொழுது சாய்ந்ததும் திரும்ப வெளியே வைப்பார். கை நடுங்கத் தொடங்கிய பிறகு சுகந்தி நகர்த்தினாள். சரியாக நகர்த்தவில்லை என்று அவளுக்கு ஏச்சு விழும்.

காரியமெல்லாம் முடிந்து நான் புறப்பட்டபோது சுகந்தி, "மாமா, ஏதாவது கொண்டு போங்கோவன், நினைவுக்கு" என்றாள். கறுப்புக் குடை இருந்தது. மூக்குக்கண்ணாடி இருந்தது, அன்று மண்ணில் விழுந்ததற்குப் பிறகு வாங்கியது. நான் பின்வாசலுக்குப் போய் ஒரு சாமந்தித் தொட்டியை எடுத்துக்கொண்டேன். பேருந்தில் மடியில் வைத்து வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் ஒரு பேச்சும் பேசவில்லை. பேராக் போக்குவரத்து வரலாற்றில் இப்படி நடந்ததில்லை.

இன்னும் நான் அழவில்லை. அழுதால் கிந்தா ஆறு கரை உடைத்து ஈப்போ மூழ்கும் என்று எழுதலாம் என உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. எட்டுப் பேரில் இப்போது நான் ஒருவன்தான் மிச்சம். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தத் தொட்டி ஒன்றுதான். கனமானது. எனக்கும் முதுகு முன்போல் இல்லை, தினமும் நிழலுக்குத் தூக்க முடிவதில்லை. அதனால் சாப்பாட்டுக்குப் பிறகு என் குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகிறேன்.

நேற்று பக்கத்து வீட்டுத் தம்பி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணே, பூவுக்குக் குடையா? காயட்டும்லா, போனா வேற வாங்கிக்கலாம்."

என்னிடம் நூறு பதில் இருந்திருக்கவேண்டும்.

"கொஞ்ச நேரந்தான் தம்பி" என்றேன். "வெயில் தாழட்டும்."

அவர் உள்ளே போய்விட்டார். நான் குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நின்றேன்.